லைஃப்டைம் ஆயில்: யாருடைய ஆயுள்?

போன வருடம் டெக்சஸில் ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். 2014 மாடல் ஃபோர்டு எஃப்-150. ஒரு லட்சம் மைல், அதாவது சுமார் 1,60,000 கி.மீ. ஓடியிருந்தது. இந்த ஊரில் அதைக் கிழட்டு வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்ஜின் ஆயில் மாற்றிய ரசீதுகள் ஒரு கட்டு இருந்தன. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஒரு சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், கவுன்ட்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "அது சீல் பண்ணின கியர்பாக்ஸ், லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்" என்றார்.

அன்று இரவு நாமக்கல்லில் இருக்கும் மாமாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். "கியர்பாக்ஸ் ஆயிலா? ஒழுகலைன்னா அது பாட்டுக்குக் கெடக்கும் மாப்ள. நீ என்ஜினைப் பாரு" என்றார்.

பூமிப்பந்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பதில். மாமா சொன்னது அவருடைய லாரிக்கு ஓரளவு பொருந்தும். கவுன்ட்டர்காரர் சொன்னது என் பிக்கப்புக்குத் தப்பு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், பராமரிப்பில் எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

மாமாவின் லாரியில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ். அதற்குள் ஆயிலுக்கு முக்கியமாக ஒரே வேலை: பற்சக்கரங்கள் தேயாமல் வழுக்கிக் கொடுப்பது. கிளட்ச் தட்டு வெளியே, காய்ந்த நிலையில், தனியாக இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அதே ஆயில் ஐந்தாறு வேலை பார்க்கிறது. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரை எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை என்ஜின் சுழற்றுகிறது. அது வீசும் ஆயில் மற்றொன்றைச் சுழற்றுகிறது. என்ஜினின் பலம் வண்டிக்குப் போவதே இந்த ஆயில் வழியாகத்தான். அப்புறம், எந்த கியர் விழ வேண்டும் என்பதை கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் அடுக்குகள் தீர்மானிக்கின்றன. அவற்றை இறுக்கிப் பிடிப்பதும் ஆயிலின் அழுத்தம்தான். அந்த அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வ் பாடிக்குள் ஓடுவது, சூட்டை வாங்கிக்கொண்டு கூலருக்குப் போவது, பேரிங்குகளை நனைப்பது, எல்லாம் அதே ஆயில்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது காகிதத்துக்கு நெருங்கிய உறவான நார்ப்பொருள். அது இந்த ஆயிலில் ஊறியபடியே, ஒன்றையொன்று பிடித்து நிற்க வேண்டும். பற்சக்கரத்துக்கு வழுக்க வேண்டும், கிளட்சுக்குப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போதும் வெடுக்கென்று பிடிக்காமல் பதமாகப் பிடிக்க வேண்டும். இந்தப் பதத்தை ஆயிலுக்குக் கொடுப்பவை அதில் கலந்திருக்கும் சேர்மானங்கள். ஆயில் ஆவியாகிக் குறையாமல் இருக்கலாம், பார்க்கச் சிவப்பாகவேகூட இருக்கலாம். ஆனால் சேர்மானம் தீர்ந்துபோனால் அதன் வேலை முடிந்தது.

சேர்மானத்தைத் தீர்ப்பது சூடு. எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம், ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. சாதாரண ஓட்டத்தில் ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் நிற்கும். பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மேட்டில் மெதுவாக ஏறினால் 110, 120 என்று போகும். அப்படியென்றால் அந்த ஒரு மணி நேரம், சாதாரண ஓட்டத்தின் பல மணி நேரத்துக்குச் சமம். கிலோமீட்டர் மீட்டருக்கு இது தெரியாது.

பிக்கப்பும் காரும் பிரியும் இடம் இதுதான். ஒரே வகை கியர்பாக்ஸ் காரில் நாலு பேரைச் சுமக்கிறது, பிக்கப்பில் படகையும் குதிரை ஏற்றிய டிரெய்லரையும் இழுக்கிறது. மெதுவாக ஊர்ந்து ஏறும்போதுதான் டார்க் கன்வெர்ட்டரில் இரண்டு விசிறிகளின் வேகமும் அதிகம் வேறுபடும். அந்த வேறுபாட்டில் வீணாகும் பலம் ஆயிலில் சூடாக இறங்கும். வேகம் பிடித்த பிறகு உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டு விசிறிகளையும் சேர்த்துப் பூட்டிவிடும், சூடு தணியும். அமெரிக்க பிக்கப்களில் கியர் லீவர் பக்கம் இருக்கும் டோ/ஹால் பொத்தானைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மேலே கியரைத் தாவித் தாவி மாற்றாமல், ஒரே கியரைப் பிடித்துக்கொண்டு இழுக்கச் சொல்லும் கட்டளை அது. பாரம் இருக்கும்போது அதை அழுத்துவதும் பராமரிப்பில்தான் சேர்த்தி, அதுவும் காசு செலவில்லாத பராமரிப்பு.

நம் ஊரில் ஓடும் பிக்கப்களில் மிகப் பெரும்பாலானவை மேனுவல்தான். ஆனால் ஐசுசு வி-கிராஸும், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் கிடைக்கின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறி இறங்கும் ஆட்டோமேட்டிக் வண்டி, சேலம் பைபாஸில் காலியாக ஓடும் வண்டியோடு ஒரே அட்டவணையில் சேராது.

சரி, அப்படியானால் கம்பெனிகள் ஏன் லைஃப்டைம் என்கின்றன? என் வண்டியின் கையேட்டைப் புரட்டினேன். லைஃப்டைம் என்ற சொல் அதில் இல்லவே இல்லை. சாதாரண உபயோகத்துக்கு 1,50,000 மைல், அதாவது சுமார் 2,40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்று என்று இருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னொரு அட்டவணை: டிரெய்லர் இழுப்பவர், நீண்ட நேரம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வைப்பவர், தூசி மண் சாலையில் ஓட்டுபவர் எல்லாருக்கும் தனிக் கெடு. பிக்கப் வாங்கியவர்களில் இந்த இரண்டாவது பட்டியலில் சிக்காதவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. சிக்காதவர் கார் வாங்கியிருக்கலாம்.

மற்றொரு கணக்கும் இருக்கிறது. என் வண்டி புதிதாக இருந்தபோது என்ஜின், கியர்பாக்ஸுக்கான உத்தரவாதம் 5 வருடம் அல்லது 60,000 மைல். ஆயில் அதுவரை கண்டிப்பாகத் தாங்கும். பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளவும் நீண்ட கெடு உதவும். மூன்றாவது கைக்கு வண்டி போனபின் கியர்பாக்ஸ் போனால், விற்ற கம்பெனிக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. சதி என்று சொல்ல வரவில்லை. ஆயுள் என்ற சொல்லை அவரவர் வசதிக்கு அளந்துகொள்கிறோம், அவ்வளவுதான். கியர்பாக்ஸ் செய்து கார் கம்பெனிகளுக்கு விற்கும் ஜெர்மானிய நிறுவனமான இசட்.எஃப், தன்னுடைய ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் ஆயில் மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியைத் தங்கள் காரில் பூட்டி விற்ற சில கம்பெனிகள் மாற்றவே வேண்டாம் என்றன. என் வண்டியில் இருக்கும் 6ஆர்80 என்ற ஆறு கியர் பெட்டி, இசட்.எஃப்பின் வடிவமைப்பிலிருந்து உரிமம் பெற்று ஃபோர்டு வளர்த்தெடுத்தது. பெட்டியைப் பெற்றவர் பேச்சைக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

எந்த ஆயில் என்பது அடுத்த கேள்வி. இங்கே கஞ்சத்தனமும் குத்துமதிப்பும் ஆகாது. ஃபோர்டிலேயே மெர்கான் 5, மெர்கான் எல்.வி., மெர்கான் யு.எல்.வி. என்று வரிசையாக இருக்கின்றன. என் ஆறு கியர் பெட்டிக்கு எல்.வி. 2017-இல் எஃப்-150க்கு வந்த பத்து கியர் பெட்டிக்கு அதைவிட நீர்த்த யு.எல்.வி. ஒன்றுக்கு மாற்றாக மற்றதை ஊற்றக்கூடாது. டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ். இவை எல்லாமே பெரும்பாலும் சிவப்பாக இருப்பதுதான் வம்பு. ஒழுகும்போது என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்துப் பார்க்கத்தான் அந்தச் சாயம். சிவப்பைப் பார்த்து "எல்லாம் ஒண்ணுதான்" என்பது, வெள்ளையாக இருப்பதெல்லாம் பால் என்கிற கதை.

ஆயில் செய்முறையில் கொஞ்சம் பிசகினாலும் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. பழையது திமிங்கலத்தோடு சம்பந்தப்பட்டது. ஆரம்ப காலத்து ஆட்டோமேட்டிக் ஆயில்களில் கிளட்சுக்குப் பதம் கொடுத்தது எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய். 1970-இல் அமெரிக்கா அந்த இனத்தை அழியும் தறுவாயில் உள்ளதாக அறிவித்து இறக்குமதியை நிறுத்தியது. மாற்றுச் சேர்மானம் தேட வேண்டி வந்தது. முதலில் வந்த மாற்று, கூலர் குழாய்களின் பற்றுவைத்த இணைப்புகளையே அரித்தது. அதைச் சரிசெய்ய இன்னொரு செய்முறை. கடலில் ஒரு பிராணியைக் காப்பாற்றினால் டெட்ராய்ட்டில் கியர்பாக்ஸ் இருமும் என்று யார் நினைத்தார்கள்!

புதியது நம் காலத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு கியர் பெட்டி 2015 வாக்கில் சில்வராடோ பிக்கப்பிலும், பிறகு கொலராடோவிலும் வந்தது. சில வண்டிகள் சீரான வேகத்தில் போகும்போதே நடுங்கின. சாலையில் வரிவரியாக மேடு போட்டிருக்கும் ரம்பிள் ஸ்டிரிப் மேல் போவது போன்ற நடுக்கம். முதலில் ஊற்றியிருந்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, லாக்-அப் கிளட்ச் பதமாகப் பிடிக்க முடியாமல் போனது காரணங்களில் ஒன்று. 2019 வாக்கில் நிறுவனம் டீலர்களுக்கு அனுப்பிய குறிப்பு, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி வேறு செய்முறை ஆயிலை நிரப்பச் சொன்னது. வாங்கியவர்கள் கோர்ட்டுக்கும் போனார்கள். பெட்டியைப் பிரிக்காமல், ஆயிலை மாற்றுவதே வைத்தியமாக எழுதப்பட்டது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி வண்டிக்கு அடியில் போவோம். ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், வண்டியை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக ஏற்றினேன். மட்டம் முக்கியம், அளவு அதைப் பொறுத்தது. முதலில் செய்ய வேண்டியது பலர் கடைசியில் செய்வது: ஆயிலை இறக்கும் முன், ஆயில் ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்ப்பது. இருக்கிற ஆயிலை வெளியே விட்டபின் ஊற்றும் மூடி துருப்பிடித்துக் கிடந்தால், வண்டி அங்கேயே நின்றுவிடும். என் வண்டியில் அது பெட்டியின் பக்கவாட்டில், புகைக்குழாயை ஒட்டினாற்போல் இருக்கிறது. சூடான வண்டியில் கையை விட்டால் முழங்கையில் ஒரு நினைவுச் சின்னம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

இந்தப் பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டுக்கு ஆயில் பான் என்று பெயர். அதில் வடிகால் போல்ட் கிடையாது. பானையே கழற்ற வேண்டும். மூன்று பக்கம் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் வைத்து, மெதுவாகச் சாய்த்தால் ஆயில் ஒரு மூலையாக வடியும். கவனம் தப்பினால் அபிஷேகம்.

வந்தது கறுஞ்சிவப்பு. நாள்பட்ட புளிக்கரைசல் மாதிரி. ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பார்த்தேன். நடுவில் பழுப்பு, ஓரத்தில் சிவப்பு வளையம். மூக்கருகே கொண்டுபோனால் எண்ணெய் வாடைதான் வந்தது. தாளிப்பு கருகின நாற்றம் வந்திருந்தால் கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது என்று பொருள். பானின் அடியில் ஒரு காந்தம் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் விபூதியைத் தண்ணீரில் குழைத்த மாதிரி சாம்பல் நிறச் சேறு. விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழுவழுவென்று இருந்தால் சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் சில்லு, பளபளக்கும் மஞ்சள் உலோகத் துகள் கிடைத்தால் ஆயில் மாற்றுவது வீண் செலவு, பெட்டியைப் பிரிக்கிற நேரம் வந்துவிட்டது. எனக்கு விபூதிதான் கிடைத்தது.

ஃபில்டரைக் கீழே இழுத்தால் கழன்று வந்துவிடும். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஃபில்டர் கழுத்தில் இருக்கும் ரப்பர் சீல் சில சமயம் ஃபில்டரோடு வராமல் மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புது சீலோடு புது ஃபில்டரைத் திணித்தால் சரியாக உட்காராது. பம்பு ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று கியர் பிடிக்காமல் வழுக்கும். அப்புறம் பழி ஆயில் மேல் விழும்.

பானைத் திரும்ப மாட்டும்போது மணிக்கட்டு பலத்துக்கு மேல் போகக்கூடாது. அவை சின்ன போல்ட்டுகள், மேலே இருப்பது அலுமினிய உடம்பு. மரை போய்விட்டால் அது தனிக் கதை.

வடிந்த ஆயிலை அளந்தேன், 5 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பெட்டியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 12 லிட்டர். மீதி 7 லிட்டர் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் குழாய்களிலும் தங்கிவிட்டது. ஆக, "ஆயில் மாத்தியாச்சு" என்று சொல்லும்போது உண்மையில் பாதிகூட மாறவில்லை. புது ஆயில் 42 சதவீதம். சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை இறக்கி ஏற்றினால் 66 சதவீதம். மூன்றாம் முறை 80. ஒரே நாளில் நூறு சதவீதம் வேண்டுமென்றால், கூலர் குழாயைக் கழற்றி, பெட்டியின் சொந்தப் பம்பே பழைய ஆயிலைத் தள்ள, தள்ளிய அளவுக்குப் புதியதை ஊற்றிக்கொண்டே போகிற முறை இருக்கிறது. வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துக் கழுவும் மெஷின்களை நான் நம்புவதில்லை. எங்கோ படிந்து சும்மா கிடக்கும் அழுக்கைக் கிளப்பி, வால்வ் பாடியின் மெல்லிய வழிகளில் கொண்டுபோய் அடைக்க அது போதும். என் வண்டிக்கு மூன்று தவணை முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். ஃபில்டரை முதல் தவணையில் மட்டும் மாற்றினால் போதும்.

பழைய மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு பயத்துக்கும் இங்கே பதில் சொல்லிவிட வேண்டும். "நிறைய ஓடின வண்டிக்கு ஆயில் மாத்தாதே, மாத்தினதும் கியர்பாக்ஸ் போயிடும்." நிறைய பேருக்கு அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் அவர்கள் எப்போது மாற்றப் போனார்கள் என்று பாருங்கள். கியர் வழுக்க ஆரம்பித்த பிறகு. தேய்ந்த கிளட்சை ஆயிலால் வளர்த்துவிட முடியாது. சாகக் கிடந்தவருக்குக் கடைசியாகப் பால் ஊற்றியவர்மேல் கொலைப்பழி போடுகிற கதைதான் அது. வழுக்கல், கருகல் நாற்றம், காந்தத்தில் சில்லு எதுவும் இல்லாத வண்டிக்கு 2,00,000 கி.மீ. தாண்டியிருந்தாலும் மாற்றலாம், அழுத்த மெஷின் வேண்டாம், தவணையாக.

அளவு பார்ப்பதுதான் இந்த வேலையில் நுணுக்கமான பகுதி. என்ஜினுக்கு இருப்பதுபோல் பானெட்டைத் திறந்தால் கையில் வரும் நீளக் கம்பி இப்போதைய பல பெட்டிகளில் இல்லை. என் வண்டியில் ஊற்றும் மூடியிலேயே விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் கம்பி இருக்கிறது. டொயோட்டாவில் அதுவும் இல்லை, வழிந்தோடும் துளை மட்டும்தான். இரண்டிலும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டும். சூடேறினால் ஆயில் விரியும் என்பதுதான் காரணம். டொயோட்டா 40 டிகிரியை ஒட்டிப் பார்க்கச் சொல்கிறது, என் ஃபோர்டு நன்றாகச் சூடேறிய பிறகு. ஒன்றின் விதியை மற்றதற்குப் போட்டால் அளவு தவறும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை அழுத்தம் கொடுக்காது. குறைந்தால் பம்பு காற்றை விழுங்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டைக் காட்டினால் குத்துமதிப்புக்கு வேலை இல்லை. எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு ஊற்றி, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி, பிறகு சூட்டைப் பார்த்து அளவை முடிவு செய்தேன்.

ஆயில் நல்லதாக இருந்தும் பெட்டியைக் கொல்லக்கூடிய இன்னொன்று ரேடியேட்டர். பல பிக்கப்களில் கியர்பாக்ஸ் ஆயிலின் கூலர், ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நடுவில் மெல்லிய உலோகச் சுவர். 2005 முதல் 2010 வரையான நிசான் ஃபிரான்டியர் பிக்கப்களில் அந்தச் சுவர் விரிசல் விட்டது பிரசித்தம். கூலன்ட்டும் ஆயிலும் கலந்து கெட்டியான ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும். நார்ப்பொருள் ஒட்டிய கிளட்ச் தட்டு தண்ணீரில் ஊறினால் பசை விட்டு உரியும், அதன் பிறகு கழுவிப் பிரயோஜனம் இல்லை. பெட்டியே போச்சு. அந்த வருட வண்டி வைத்திருந்தவர்கள் பலர் தனிக் கூலர் ஒன்றை முன்னால் பூட்டி, ரேடியேட்டர் வழியைத் துண்டித்தார்கள். வேறு வண்டி வைத்திருப்பவரும் கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறக்கும்போது எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கலாம். முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கூலரில் பூச்சியும் மண்ணும் அப்பியிருந்தால் சாதாரணத் தண்ணீர்க் குழாயால் கழுவினாலே போதும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி ஆயில், அதை மறப்பவர்கள் நிறைய.

எல்லா நோய்க்கும் ஆயில் மருந்தில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் ஃபோர்டு வட அமெரிக்காவில் சுமார் 15 லட்சம் எஃப்-150களைத் திரும்ப அழைத்தது. 2011 முதல் 2013 வரையான மாடல்கள், என்னுடைய அதே ஆறு கியர் பெட்டி. வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சமிக்ஞை ஒரு நொடி தவறினால், பெட்டி திடீரென்று முதல் கியருக்கு இறங்கிவிடும் அபாயம். தீர்வு சாஃப்ட்வேர் மாற்றம். அந்த வண்டிக்கு எத்தனை தரம் நல்ல ஆயில் ஊற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. கியர் வெடுக்கென்று விழுந்தால் முதலில் ஸ்கேனரில் பழுதைச் சொல்லும் கோட் படிப்பது, பிறகு ஆயிலைச் சந்தேகப்படுவது, இதுதான் வரிசை.

என் வண்டிக்கு நான் வைத்துக்கொண்ட கெடு: டிரெய்லர் இழுக்காத வருடங்கள் என்றால் 80,000 கி.மீ., கோடையில் படகு இழுக்கிற வருடங்கள் என்றால் 50,000. கம்பெனி சொன்னதைவிட மிகவும் குறைவுதான். ஆயிலும் ஃபில்டரும் சேர்த்து ஆகும் செலவு, பெட்டியைப் பிரித்துக் கட்ட ஆகும் சில ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில் நிற்காது.

முதல் தவணை முடிந்த இரவு, வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் இழுத்துப் பார்த்தால் இரண்டு இடத்தில் ஈரம். ஒன்று ஏ.சி. தண்ணீர், தொட்டதும் தெரிந்தது. இன்னொன்று ரூபாய் நாணயம் அளவில் சிவப்பு. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். பானின் பின்மூலை போல்ட் ஒன்று, நான் கடைசியாக மாட்டியது, விரலாலேயே அரைச் சுற்று திரும்பியது. இறுக்கிவிட்டு, அட்டையைத் திருப்பிப் போட்டேன். மறுநாள் காலை ஏ.சி. தண்ணீர் மட்டும்தான்.